ஜன்னல் திட்டில் ரொட்டி ஓரம்

மார்ச் 3, செவ்வாய்

என் ஜன்னல் திட்டுக்கு வரும் அணில்களைக் கண்டதையும் தின்னக் கொடுத்து யாரோ கெடுக்கிறார்கள். இதை முதலில் எழுதிவைத்துவிடுகிறேன். பிறகு இந்த முதியோர் இல்லத்தில் ஒருவரும் "எங்களுக்குத் தெரியாதே" என்று கையை விரிக்கக் கூடாது.

இன்று காலை திட்டில் கிடந்தவை: வெண்ணெய் தடவிய ரொட்டி ஓரங்கள், அரைவேக்காட்டு கேரட் வட்டங்கள், தோல் சீவாத ஆப்பிள், கோழித் துண்டு ஒன்றின் நரம்பு. வெண்ணெய் வெயிலில் உருகிச் சிமெண்டில் மஞ்சளாக ஊறியிருந்தது. அதில் எறும்புகள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. ஜன்னலைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? பல் தேய்க்காத ஒருவன் முகத்துக்கு நேராக நின்று குசலம் விசாரிப்பது போல இருந்தது. காப்பி தொண்டைக்குள் இறங்கவில்லை.

முதல் மாடியில் மூன்று அறைகளுக்கும் சேர்த்து நீளமாக ஒரே திட்டு. நடுவில் எங்கள் அறை. வலப்பக்க அறை பூட்டிக் கிடக்கிறது. அதிலிருந்தவர் போன மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இடப்பக்க அறையில் கர்னல். பட்டாளத்துக் கர்னல் இல்லை, நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நின்றவர். மீசைக்கும் நடைக்குமாக வைத்த பெயர். ஆக, இது கர்னலின் வேலை. வேறு யார்?

அணிலுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லிஃப்ட் வேலையையும் அப்படித்தான் கற்றேன்: பிரித்துப் பார்த்து, புத்தகம் படித்து, முதலாளியிடம் ஏச்சு வாங்கி. அணிலின் முன்பல் சாகும்வரை வளரும். கெட்டியானதைக் கடித்துக் கடித்து அது தேய வேண்டும். ரொட்டியே தின்றுகொண்டிருந்தால் பல் வளைந்து வாயையே குத்தும். உப்பு ஆகாது. வெண்ணெய் ஆகவே ஆகாது. ஓட்டோடு கொட்டை, கொஞ்சம் கீரை, எலும்பு உறுதிக்குப் பறவைக் கடையில் விற்கும் கணவாய் ஓடு, சுத்தமான தண்ணீர். இதில் என்ன கஷ்டம்? ஒரு பிராணிக்கு நல்லது செய்ய வக்கில்லாதவன் சும்மாவாவது இருக்கலாம். சும்மா இருக்கத்தான் ஒருவனுக்கும் தெரிவதில்லை.

என்னோடு அறையில் இருக்கும் டெய்லர் ஒருவர்தான் சாப்பாட்டு விஷயத்தில் ஒழுங்கு. முழங்கால் வலியால் அவர் கீழே சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவதில்லை. தட்டு அறைக்கே வரும். நான் சாப்பிட்டுவிட்டு மேலே வரும்போது அவருடைய தட்டு துடைத்துவைத்தது போல இருக்கும். அவரைப் பார்த்தாவது மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

மார்ச் 4

இன்றும் ரொட்டி. கவுன்சிலரின் மீசையில் வெண்ணெய். (கவுன்சிலர், அணில்களில் பெரியவன். தொப்பைக்காகவும், மற்றவர் பங்கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிற சுபாவத்துக்காகவும் டெய்லர் வைத்த பெயர்.)

மார்ச் 6

மேனேஜர் அம்மாவிடம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"அணிலுக்கு என்ன சார், கொடுத்தா தின்னுட்டுப் போவுது."

"தின்னுட்டு அது எங்கயும் போகலம்மா. கொழுத்துப் போய் மரத்துல பாதி ஏறி மூச்சு வாங்குது. வந்து பாருங்க."

வந்தார். திட்டை எட்டிப் பார்த்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அணிலுக்காக இல்லை, எறும்புக்காக.

"இது இந்த மாசக் கடைசிக்குள்ள நிக்கணும். நிக்கலன்னா வரிசை முழுக்கக் கம்பிவலை அடிச்சிடுவேன். அப்புறம் அணிலும் இல்ல, அக்கப்போரும் இல்ல."

"குத்தம் பண்றது மனுஷன், கதவடைப்பு அணிலுக்கா?"

"உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா சார்," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. பேச்சை முடிக்க வேண்டுமானால் முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே.

இன்னொன்றும் அவருடைய அறையில் கண்டேன். மாதாமாதம் எங்களை நிறுத்துப் பார்க்க வேண்டிய எடை எந்திரத்தின்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "பேட்டரி போச்சு, சொல்லியிருக்கு" என்றார். தொட்டியின் அடியில் சேறு கசிந்து, கால் வைக்கும் இடமெல்லாம் பச்சையாகப் பாசி. தூ.

மார்ச் 8, ஞாயிறு

பார்வையாளர் நாள். வாரத்தில் எனக்கு மிகவும் குமட்டுகிற நாள்.

படியில் ஏறும்போதே சென்ட் வாடை ஏறுகிறது. அப்பா, மாமா, பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் ஜன்னலுக்குப் போய்விடுகிறார்கள். அப்பாவோடு என்ன பேசுவது என்று தெரியாதவனுக்கு அணில் ஒரு வசதி.

டெய்லரின் மகன் கிரீம் கேக் பெட்டியோடு வந்தான். நான் என் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேக்கை விரலாலேயே பிய்த்துக் கவுன்சிலருக்கு நீட்டினான். மற்றக் கையில் போன், படம் பிடிக்க.

"அப்பா, சாப்பாடெல்லாம் ஒழுங்கா இருக்கா?" கேட்டது அப்பாவிடம், பார்த்தது போனை.

"இருக்குப்பா. இந்தக் கீழ்ப்பல்லு செட்டுதான் கொஞ்சம்..."

"அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்பா. அய்யோ, இங்க பாருங்களேன், ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டிருக்கு."

என்னால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, அத நிறுத்துங்க. அதுக்கு ஆகாது."

"ஒரு துண்டுதானே அங்கிள்."

"ஒரு துண்டு ஒரு துண்டா இந்த வரிசையில எத்தன பேர் கொடுக்கறாங்க தெரியுமா? அவ்வளவு ஆசையா இருந்தா உங்க அப்பாவுக்குக் கொடுங்க."

"அப்பாவுக்குச் சுகர் ஆச்சே."

டெய்லர் சிரித்தார். "விடுங்க லிஃப்ட்டுக்காரரே. சுகர் இல்லாத ஜீவன் தின்னுட்டுப் போகட்டும்."

கிளம்பும்போது மகன் விரலில் இருந்த கிரீமை எங்கள் ஜன்னல் திரையில் துடைத்தான். நான் பார்த்தேன். பார்த்ததை அவனும் பார்த்தான். இப்போது திரையில் அந்த இடம் காய்ந்து விறைத்து, எச்சம் பட்டது போல இருக்கிறது.

மார்ச் 10

தங்கை மகள் ஒரு கால்நடை மருத்துவரின் எண் வாங்கித் தந்தாள். பேசினேன். நான் கொடுக்கிற கொட்டையே அதிகம் என்கிறார். கொட்டை ருசிக்குத்தான், கீரையும் காயும்தான் வயிற்றுக்கு. கொழுப்பு ஏறுவதற்கு ரொட்டி மட்டும் காரணமில்லை, நீங்களும் ஒரு காரணம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. சரி என்று இங்கே எழுதிவிட்டேன். போனில் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னார். "என்ன போடறோம்னு மட்டும் பாக்காதீங்க ஐயா. எது மிச்சம் கிடக்குதுன்னு பாருங்க. மிச்சம்தான் பேசும்."

மார்ச் 11

கொட்டையைக் குறைத்தேன். கவுன்சிலர் என்னை முறைத்துவிட்டு ரொட்டிப் பக்கம் போனான். துரோகி.

மார்ச் 13

டெய்லர் நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து தன் கால்சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டெய்லரே, பிரிச்சதையே பிரிக்கிறீங்க, தச்சதையே தைக்கிறீங்க."

"கை சும்மா இருந்தா துரு புடிச்சிடும். உங்களுக்கு அணிலு, எனக்கு ஊசி."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"சலவையில இழுத்து விட்டுட்டானுங்க. தொளதொளன்னு ஆயிடுச்சு, கோமாளி மாதிரி."

நம்பினேன். இங்கே சலவை அப்படித்தான். போன மாதம் என் பனியன் வேறு யாருடைய வியர்வை வாடையோடோ திரும்பி வந்தது. டெய்லர் தைத்து முடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். அளவெடுத்தாற்போல இருந்தது. சட்டையும் அப்படியே. இந்தக் கட்டிடத்தில் உடம்புக்குப் பொருந்தின துணி போடுகிற ஒரே மனிதர். அதையும் அவரிடமே சொன்னேன். "தொழில் சார்," என்றார்.

மார்ச் 16, திங்கள்

மருத்துவர் சொன்னபடி மிச்சத்தைக் கூட்டி அள்ளிப் பழைய பேப்பரில் கொட்டிப் பிரித்துப் பார்த்தேன். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டும் குமட்டியது. ஊறிப்போன ரொட்டி ஓரம் வழுவழுவென்று புழு மாதிரி வருகிறது.

ஆனால் பிரித்ததும் ஒன்று புலப்பட்டது. ஓரம் மட்டும்தான் இருக்கிறது. ரொட்டியின் நடுப்பாகம் ஒருநாளும் இல்லை. ஆப்பிள் இருக்கிறது, அதே தட்டில் வரும் வாழைப்பழம் இல்லை. கோழி இருக்கிறது, புட்டிங் ஒரு துளி இல்லை. இது அணிலுக்கு ஆசையாகப் போடுகிற ஆளின் வேலை இல்லை. மெல்ல முடியாதவன் மெல்ல முடியாததை வெளியே தள்ளுகிறான்.

நேராகக் கர்னலிடம் போனேன்.

"கர்னலே, கொஞ்சம் கதவத் திறங்க."

"என்னய்யா காலங்காத்தால?"

"அணிலுக்கு ரொட்டி ஓரம் போடறது நீங்கதானே?"

"ஏன், உங்க அணில் என் பேரச் சொல்லுச்சா?"

"உங்களால மெல்ல முடியல. அதான் வெளிய எறியறீங்க. பல்லு இல்லன்னா சொல்லிட்டுப் போங்களேன், இதுல என்ன கௌரவம்?"

கர்னல் வாயைத் திறந்து காட்டினார். மஞ்சளாக, மொத்தமாக, ஒன்றுகூடக் குறையாமல். அதோடு விட்டாரா? என் சட்டைப் பையில் இருந்த கொட்டை ஒன்றை எடுத்தார், ஓட்டோடு கடைவாயில் வைத்தார், படக்கென்று உடைத்தார், பருப்பைத் தின்றார், ஓட்டை என் உள்ளங்கையில் துப்பினார். சூடாக, எச்சில் வழிய.

"போதுமா? இல்ல, கதவோட கொண்டியையும் கடிச்சுக் காட்டணுமா?"

சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். இப்போதும் அந்தச் சூடு உள்ளங்கையில் இருக்கிறது.

ஆக, கர்னல் இல்லை. மூன்று அறை. ஒன்று பூட்டு. ஒன்றில் கர்னல்...

எழுதும்போதே கை நிற்கிறது. டெய்லர் எதிர்க் கட்டிலில் தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கன்னம் இப்படி உள்ளே போனது எப்போது?

மார்ச் 17

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் கீழே போவது போலப் போய், பாதிப் படியில் திரும்பி, எங்கள் அறைக்கு வெளியே நின்றேன். திருடன் போல. கதவு ஒருக்களித்திருந்தது.

டெய்லர் சூப்பைக் குடித்தார். ரொட்டியின் நடுப்பாகத்தைக் கிள்ளிச் சூப்பில் தோய்த்து விழுங்கினார். அவ்வளவுதான் சாப்பாடு. மற்றதையெல்லாம் ஒரு பேப்பரில் கூட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் வழியே திட்டில் கொட்டினார். பிறகு துணித் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டைப் பளபளவென்று துடைத்தார்.

பணிப்பெண் என்னைத் தாண்டி உள்ளே போனாள். "சமத்து தாத்தா. இந்த மாடியிலயே நீங்கதான் மிச்சம் வைக்காம சாப்பிடறது." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் உள்ளே போனேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா நடக்குது?"

"குளிர் விட்டதுலேர்ந்து."

"பல்லு எங்க?"

ஊசி நூல் வைக்கும் டப்பாவைத் திறந்து, ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். கீழ்ச் செட்டு நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. கழிவறையில் கழுவும்போது கை நழுவியதாம். கொஞ்ச நாள் பசை போட்டு ஒட்டிப் பார்த்தாராம். பசை போட்டு! அதை வாயில் வைத்துக்கொண்டு! ஈறில் இரண்டு இடத்தில் புண்.

அவருடைய இடுப்பில் கை வைத்துக் கால்சட்டையை உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். மடிப்புக்குள் மடிப்பு, தையலுக்குள் தையல். உள்ளே பிடித்துவைத்த துணியிலேயே இன்னொரு ஆளுக்குத் தைக்கலாம். சட்டையும் அதே கதை. உடம்பு உருக உருக மனிதர் துணியையும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். தொளதொளவென்று தொங்கியிருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். ஒரு டெய்லருக்குத்தான் இப்படி ஒரு புத்தி போகும்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா?"

"அரைச்சுத் தருவாங்க, கூழா தருவாங்க, என்னமோ தருவாங்க."

"மேல்மாடிக்கு அனுப்புவாங்க. இங்க சாப்பிடாதவனுக்கு ஒரே வைத்தியம் அதுதான். படுக்கை, மூக்குல குழாய். அங்க போனவன் எவனாவது படியில எறங்கி வந்து பாத்திருக்கீங்களா? லிஃப்ட்டுலதான் வருவான், படுத்தபடி. உங்க லிஃப்ட்டு."

அணிலின் மீசையில் ஒட்டின வெண்ணெய் தெரிந்தது எனக்கு. இது எப்படித் தெரியாமல் போயிற்று?

மார்ச் 18

சமையற்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் மசித்துத் தரச் சொன்னேன். "மேனேஜர் எழுதித் தரணும்," என்றார்கள். ஒரு உருளைக்கிழங்கை மசிக்க மேனேஜர் எழுதித் தர வேண்டும்.

நானே செய்தேன். உருளைக்கிழங்கு, முட்டை, பால், கேரட், எல்லாவற்றையும் டம்ளரில் போட்டுக் கரண்டியால் குத்தினேன். சுவருக்குப் பூசுகிற பட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் வந்தது. டெய்லர் இரண்டு கரண்டி விழுங்கினார்.

"இத அணிலுக்குக் கொடுத்தீங்கன்னா அது மோந்து பாத்துட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடும்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு எழுந்தவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் எங்கோ போய்விட்டது. பிடித்து உட்கார வைத்தேன். கையில் கனமே இல்லை. சட்டைக்குள் ஹேங்கரைப் பிடித்தது போல.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க செஞ்சு கொடுங்க, நான் தின்னுக்கறேன். சத்தியம் பண்ணுங்க."

பண்ணவில்லை. காப்பாற்ற முடியாத சத்தியத்தை நான் பண்ணுவதில்லை.

மார்ச் 19

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். உடைந்த செட்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எடுங்க சார் அத." எடுக்கவில்லை. "எடை எந்திரத்துக்குப் பேட்டரி போட்டிருந்தா இது இங்க வந்திருக்காது," என்றேன்.

டாக்டர் வந்தார். ரத்தம் குறைவு, தண்ணீர் குறைவு, உடனே மேல்மாடி. மேனேஜரிடம் நான் வேறொன்று கேட்டேன்: பல் கட்டுங்கள், கூழாகக் கொடுங்கள், அறையிலேயே இருக்கட்டும் என்று. "ரூல் இருக்கு சார்." ரூல்! எந்திரத்தின்மேல் பூந்தொட்டி வைக்கலாம் என்று எந்த ரூலில் இருக்கிறது?

தள்ளுநாற்காலியில் ஏற்றும்போது டெய்லர் என்னைப் பார்த்தார்.

"அணிலுக்குக் காட்டுன நியாயத்த நீ எனக்குக் காட்டல."

இத்தனை காலத்தில் அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

இருக்கட்டும். இன்னொரு தடவை நேர்ந்தாலும் சொல்லத்தான் சொல்வேன். அவர் என்னோடு பேசாமல் உயிரோடு இருக்கட்டும்.

மார்ச் 20

எதிர்க் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள். அதற்குள்.

மார்ச் 22, ஞாயிறு

மகன் வந்தான். கையில் அதே கடையின் கேக் பெட்டி. மேல்மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு என் அறைக்கு இறங்கி வந்தான்.

"அங்கிள், அவர் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

"சொன்னார். நான் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன். பல்லு செட்டுன்னு ஆரம்பிச்சார். நீங்க அணிலப் படம் புடிச்சுக்கிட்டிருந்தீங்க."

சுருட்டின மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டான். அழுதான். முகம் கோணி, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல். எனக்கு அது பார்க்கப் பிடிக்கவில்லை. அழுது முடித்து அந்தத் திரையை நோக்கிக் கையை நீட்டினான். என் துண்டை எடுத்து வீசினேன்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"பல் வைத்தியர். இந்த வாரம். அடுத்த தடவை இல்ல."

தலையாட்டினான். கேக்கைக் கொண்டுபோய்க் கர்னலிடம் கொடுக்கச் சொன்னேன். எதையும் கடிப்பவர் அவர்தான்.

மார்ச் 25

மேல்மாடி. வாசலிலேயே டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை. வரிசையாகக் கட்டில். ஒருவர் மூக்குக் குழாயைப் பிடுங்கப் பிடுங்க, கையைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருக்கிறார்கள். முடிச்சைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

டெய்லருக்குக் குழாய் இன்னும் போடவில்லை. எடை ஏறாவிட்டால் போடுவார்களாம். எடை எந்திரம் இப்போது வேலை செய்கிறது. பேட்டரி ஒரே நாளில் வந்துவிட்டது.

தங்கை மகள் தன் மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். முட்டை, பருப்பு, கீரை, எண்ணெய் ஒரு கரண்டி. கலவையை நான்தான் சொன்னேன். ஒன்றையே கொடுத்தால் எந்த உடம்பும் தாங்காது, கலந்து கொடுக்க வேண்டும். பச்சையாக, கெட்டியாக இருந்தது. வாடை நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது.

டெய்லர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "நான்தான்," என்றேன். திரும்பவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம். பிறகு கை மட்டும் பின்னால் வந்து கரண்டியைத் தேடியது. எடுத்துக் கொடுத்தேன். முகத்தைக் காட்டாமலே முழுக்கச் சாப்பிட்டார்.

மார்ச் 26

காலை, மாலை இரண்டு வேளையும் போனேன். சாப்பிட்டார். பேசவில்லை.

மார்ச் 28

கம்பிவலை அடித்துவிட்டார்கள். திட்டில் ஒரு துணுக்கு ரொட்டி இல்லாமல் பத்து நாளுக்குமேல் ஆகிறது. மேனேஜரிடம் சொன்னேன்.

"ஆள் வரச் சொல்லியாச்சு சார். அட்வான்ஸ் கொடுத்தாச்சு."

தவறு நின்ற பிறகு தண்டனை வருகிறது. ஆணி அடித்தவன் வெற்றிலைச் சாற்றைப் போலச் சிவப்பாக எதையோ மென்று திட்டிலேயே துப்பிவிட்டுப் போனான். இனி அதைக் கழுவவும் முடியாது. வலைக்கு அந்தப் பக்கம்.

கவுன்சிலர் வந்து வலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். போடா, மரத்தில் பூ இருக்கிறது, பிஞ்சு இருக்கிறது, பட்டை இருக்கிறது. தேடித் தின்று பழகு என்றேன். மரத்தடியில் தண்ணீருக்கு ஒரு மண்சட்டி வைத்தேன். ஒரு கீரைக் கட்டும் கணவாய் ஓடும். கொட்டை இல்லை.

ஏப்ரல் 2

தங்கை மகள் வண்டி கொண்டுவந்தாள். மகனும் லீவு போட்டு வந்தான். டெய்லரை லிஃப்ட்டில்தான் இறக்கினோம், உட்கார்ந்தபடி. கதவு நடுவில் கொஞ்சம் திணறியது. கையால் தள்ளி மூட வைத்தேன். அந்த லிஃப்ட்டின் உருளைக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருஷமோ.

பல் வைத்தியர் வாயில் இளஞ்சிவப்புக் களிம்பை அமுக்கி அளவெடுத்தார். டெய்லருக்கு ஓங்கரித்தது, எனக்கும்தான். அளவு எடுத்ததும் டெய்லர் அதைப் பார்த்து, "ஓரம் சரியா விழல, இன்னொரு தடவை எடுங்க," என்றார் வைத்தியரிடமே. எடுத்தார்கள். இரண்டாவது சரியாக விழுந்தது.

வண்டியில் தங்கை மகளிடம் கேட்டார், நான் பக்கத்தில் இல்லாதது போல: "உங்க மாமா சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானாம்மா?"

"பாட்டி சொல்லுவாங்க, அவர் பொறந்தப்பவே நர்ஸ்கிட்ட சண்டை போட்டாராம்."

டெய்லர் வெளியே பார்த்தார். சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

எடை ஏறியிருக்கிறதாம். கொஞ்சம்தான். குழாய் வேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். மேனேஜர், "பாத்தீங்களா சார், நம்ம கவனிப்பு," என்றார். யாருடைய கவனிப்பு?

ஏப்ரல் 8, புதன்

பல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டெய்லர் எங்கள் அறைக்குத் திரும்புகிறார். அதற்குள்ளும் அதற்குப் பிறகும் நடக்க வேண்டியவற்றை யாரும் மறக்காதபடி எழுதுகிறேன். படியெடுத்து மேனேஜர் மேசையில் வைப்பேன்.

மேனேஜர்: சுருட்டின மெத்தையை வெயிலில் போட்டு, உறை மாற்றி, வியாழன் மாலைக்குள் கட்டிலில் விரிக்கச் சொல்ல வேண்டும். முதல் தேதி தவறாமல் எல்லாரையும் நிறுக்க வேண்டும். பூந்தொட்டிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். சாப்பிட முடியாதவனை மேல்மாடிக்கு அனுப்புமுன் அவனுடைய வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ரூலில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை தினமும் வந்து கேட்பேன்.

சமையற்கூடம்: புதுப் பல் பழகும்வரை காயைக் குழைய வேகவைக்க வேண்டும். பிறகு பாதி வேக்காடு. பிறகு மற்றவர்களுக்குப் போலவே. எப்போது மாற்றுவது என்று டெய்லரைக் கேட்க வேண்டும், மேனேஜரை அல்ல.

பணிப்பெண்: காலித் தட்டைப் பார்த்துச் சமத்து என்று சொல்வதை நிறுத்த வேண்டும்.

மகன்: செட்டு எங்கே கடிக்கிறது என்று பார்க்க அடுத்த புதன் மறுபடி வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் போன் பையில் இருக்க வேண்டும். பேச ஒன்றுமில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். நான் வெளியே போய்விடுவேன்.

தங்கை மகள்: மிக்ஸியைக் கழுவி எடுத்துக்கொண்டு போகலாம். நன்றி என்று அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வராது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது அவள் வேலை.

கர்னல்: மதியச் சாப்பாட்டை எங்கள் அறைக்கு எடுத்துக்கொண்டு வருவதாக அவராகவே சொல்லியிருக்கிறார். வரட்டும். எதையும் என் கையில் துப்பக் கூடாது.

அணில்கள்: மரம் இருக்கிறது. சட்டியில் தண்ணீர் மாற்றுவது நான். வேறு யாரும் எதுவும் போட வேண்டாம்.

நான்: சாப்பாட்டுக்கூடத்துக்குப் போவதை விட வேண்டும். தட்டை மேலே கொண்டுவரச் சொல்லி, மூன்று வேளையும் டெய்லருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் வாயையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

டெய்லர்: மென்று சாப்பிட வேண்டும். என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயமில்லை.